ஏசி வரப்போற வகுப்பு

"மன்னிப்புங்கற பேச்சுக்கே இடமில்லைம்மா. டிசி ரெடி. வாங்கிட்டுக் கிளம்புங்க."

சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார் முதல்வர். அடிப்பக்கம் நசுங்கியிருந்தது. எட்டாம் வகுப்பு ஜன்னல் கண்ணாடியை உடைத்த பாட்டில். உடைத்த மகள், அம்மா பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

பஸ் கண்டக்டர் யூனிஃபார்மோடு அப்படியே ஓடி வந்திருந்தாள் அம்மா. "பரீட்சை நெருங்கிடுச்சு சார். இப்ப எந்த ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க? அவளே வந்து ஒத்துக்கிட்டாளே."

"ஒத்துக்கிட்டா கண்ணாடி ஒட்டிக்குமா?"

"பக்கத்து பெஞ்சுப் பொண்ணு மயங்கி விழுந்துட்டா சார்," என்றாள் மகள். "காத்து வரட்டும்னுதான்..."

"மயக்கமாம் மயக்கம். ஏசி வகுப்பும்மா அது."

ஏசி வகுப்புதான். ஏசி மட்டும் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே ஜன்னலை எல்லாம் பெயர்த்துவிட்டு, திறக்கவே முடியாத கண்ணாடி பதித்து, இருந்த மின்விசிறிகளையும் கழற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மதியமானால் பிள்ளைகள் சொக்கி விழுந்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனமே போதாது என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார் முதல்வர். அவர் அறையில் ஏசி எப்போதோ வந்துவிட்டது.

"நீங்களே வந்து பாருங்க, எப்பேர்ப்பட்ட வகுப்புன்னு."

சாட்சிக்கு இருக்கட்டுமென்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பிள்ளைகள் விளையாடப் போயிருந்ததால் வகுப்பு காலியாக இருந்தது. உடைந்த இடத்தில் புதுக் கண்ணாடி பளபளத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒழுக்கத்தைப் பற்றி ஆரம்பித்தார் முதல்வர்.

ஒழுக்கம் பாதியில் இருக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டையைத் தளர்த்தினார். "சரி, போகலாம்," என்று கதவை இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

தட்டினார். கத்தினார். அவர் போன் அவருடைய அறையில் கிடந்தது. அம்மாவின் போனை விதிப்படி வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கண்ணாடி வழியாக இரண்டு கையையும் ஆட்டினார். மைதானத்துப் பிள்ளைகள் மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள்.

"உட்காருங்க சார், பதறாதீங்க," என்று கைக்குட்டையால் விசிறப் போனாள் அம்மா.

"நெஞ்சை அடைக்குதும்மா." முதல்வருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த பாட்டிலை ஓங்கி ஒரே அடி. கண்ணாடி சிலீரென்று கொட்டியது. காற்று வந்தது.

சத்தம் கேட்டுத் தாளாளரே ஓடி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்தார். அவர் வைத்ததுதான் பள்ளியில் சட்டம்.

"நேத்து மாட்டின கண்ணாடி. யார் உடைச்சது?"

பாட்டில் முதல்வரின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அம்மா ஏதோ சொல்ல வந்தாள். முதல்வரின் வெளுத்த முகத்தைப் பார்த்த மகள், அம்மாவின் கையை அழுத்தினாள்.

"நான்தான் சார்."

"மறுபடியுமா? இவளை இன்னும் ஏன் சார் வச்சிருக்கீங்க?"

முதல்வர் உடைந்த ஜன்னலோரம் நகர்ந்து, நன்றாக மூச்சை இழுத்து விட்டார்.

"சின்னப் பொண்ணு சார். இந்த ஒரு தடவை நான் மன்னிச்சுட்டேன்."