உப்புக் கிரீடம்

“ராஜாவோட கிரீடம் உப்பால செஞ்சது. அவர் அழுதா கரைஞ்சிடும்” என்றார் புதிதாக வந்திருந்தவர்.

நூலக மாடி. சனிக்கிழமை மதியம். ஃபேன்டஸி தொடர்களைப் படிக்கிறவர்கள் ஒன்பது பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அதுவரை, பத்துப் பாகத் தொடர் ஒன்றை முதலிலிருந்து படிப்பதா, மூன்றாம் பாகத்திலிருந்து படிப்பதா என்று சண்டை. “முதல் ரெண்டு பாகமும் வெறும் நடைதாங்க, மூணாவதுலதான் ஊர் போய்ச் சேர்றாங்க” என்று சொல்லி, மருந்துக்கடைக்காரர் ஓர் ஆசிரியையின் முறைப்பை வாங்கியிருந்தார்.

முதலிலிருந்துதான் என்று நான் முடித்து வைத்தேன். எதையும் ஒழுங்காகத் தொடங்க வேண்டும்.

கடைசிக் கால் மணி நேரம் எப்போதும் காணாமல் போன புத்தகத்துக்கு. பெயர் மறந்துபோய், ஏதோ ஒரு காட்சி மட்டும் மனதில் நிற்கும் கதையை யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் அது எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை எழுத ஒரு நோட்டு இருக்கிறது.

பதினோரு வருடமாக என்னிடம் வந்த எந்தக் கதையும் பெயர் கிடைக்காமல் திரும்பியதில்லை.

“கவலையை விடுங்க. வக்கீல் ஐயாகிட்ட அட்டை நிறத்தைச் சொன்னாப் போதும், அச்சடிச்ச ஆளோட ஜாதகத்தையே சொல்லிடுவார்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“சிவப்பு. துணி அட்டை. முதுகுல தங்க எழுத்து. மொத்தம் ஏழு பாகம்.”

வந்தவரின் பதில் மருந்துக்கடைக்காரருக்கு. பார்வை என் மேல்.

நாற்பதைத் தாண்டியவர். மணிக்கட்டில், நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒட்டும் காகிதப் பட்டை. வந்ததிலிருந்து அவர் யாருடைய பெயரையும் கேட்கவில்லை.

நானும் அங்கே அதிகம் பேசுகிறவன் இல்லை. எனக்கு ஒரே மகன், கப்பல் கம்பெனியில் இருக்கிறான் என்பதைத் தவிர என் வீட்டைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. வீட்டுச் சங்கதியைச் சபைக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காது.

“நீங்களே படிச்சதா?” என்று ஆசிரியை கேட்டார்.

“இல்லைங்க. என் மனைவி சின்ன வயசுல கேட்டது. அவங்க அப்பா தினமும் படிச்சுக் காட்டுவாராம். ஆறு பாகம் முடிஞ்சுது. பொண்ணு வளர்ந்துட்டா, இனிமே என்ன கதைன்னு ஏழாவதை எடுக்கவே இல்லையாம்.”

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது சரியான முடிவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

“மலை மேல ஏறுற ஆறு ஒண்ணு வரும். ராத்திரியானா நிழலைக் கழட்டி ஆணியில மாட்டுற காவல்காரன் வருவான். தேடாத கடையில்லை.”

ஆசிரியை கைப்பேசியில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இப்ப என்ன திடீர்னு தேடுறீங்க?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அவ இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டார். கடைசியில அந்த ராஜா அழுதாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்ங்கறா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அப்படி ஒரு புத்தகமே கிடையாது” என்றேன்.

“நல்லா யோசிச்சுப் பாருங்கய்யா. பதினோரு வருஷ ரெக்கார்டு போயிடும்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“போகட்டும். யாரோ பொழுதுபோகாம கட்டிவிட்ட கதை.”

நோட்டை என் பக்கம் இழுத்து, ‘இல்லை’ என்று என் கையாலேயே எழுதினேன்.

நான் சொன்னது பொய்யல்ல. பொய் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்த ஏழு சிவப்புத் தொகுதிகளும் என் அலுவலறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அத்தனையும் வழக்குத் தீர்ப்புகள். அவற்றில் ராஜாவும் இல்லை, கிரீடமும் இல்லை.

வெளியே கட்சிக்காரர்கள் காத்துக்கொண்டிருக்க, உள்ளே வக்கீல் மகளை மடியில் வைத்துக் கதை அளக்கிறார் என்று பேர் வரக் கூடாது. அதனால் ஒரு தொகுதியை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொல்வேன். கதை எனக்கே பிடிபடாத இடங்களில் பக்கத்தைப் புரட்டுவேன். புரட்டி முடிக்கும் வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

வளர்ந்த பிறகு, என்னைக் கேட்காமல் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். அன்று உறவுக்காரர்கள் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, எனக்கு ஒரே பிள்ளைதான் என்று சொன்னேன். பதினாறு வருடம் ஆகிறது. அவள் புருஷன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையையும் இன்று மதியம் வரை காப்பாற்றியிருந்தேன்.

வந்தவர் எழுந்தார். சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி மேசைக்குள் வைத்தார். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் நன்றி சொன்னார். வளர்ப்பில் குறை சொல்ல முடியவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாசலுக்குப் போகிற வழியில் என் பக்கத்தில் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

“பரவாயில்லைங்க மாமா. ராஜா அழலைன்னு அவகிட்ட சொல்லிடறேன்.”