கீரைக்கு ஒரு பூட்டு

“டாக்டர், ரிப்போர்ட் மோசமா இருந்தா அவளத் திட்டிடாதீங்க. தப்பெல்லாம் என்னோடது.”

பூட்டு ரிப்பேர்க்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்து அறைக்கு எடை பார்க்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் மனதில் இருப்பதை இறக்கி வைத்துவிட வேண்டும். கர்ப்பம் உறுதியானதிலிருந்து மனிதருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

“அப்படி என்ன தப்பு?” என்றார் டாக்டரம்மா.

“குழந்தைக்கு முன்னாடியே உடம்பத் தேத்தணும், சைவம் சாப்பிடறவங்க இன்னும் பாத்துச் சாப்பிடணும்னு அவகிட்ட சொன்னீங்கல்ல?”

“உங்களையும்தான் உக்காரச் சொன்னேன். அன்னிக்கு டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்த கையோட, எதுவானாலும் அவகிட்டயே சொல்லிடுங்கன்னு ஓடிட்டீங்க. முந்தாநாள் ரத்தம் எடுத்தப்பவும் கண்ணத் திறக்கவே இல்லையாமே?”

“ஊசின்னா எனக்கு ஆகாது டாக்டர். அத விடுங்க. நீங்க அப்படிச் சொன்ன அன்னிலேர்ந்து தினமும் ஒரு டப்பா தயார் பண்ணுவா. கீரை, பருப்பு, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச கொண்டைக்கடலை, எள்ளு, பூசணி விதை, பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் தயிர். அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு, ‘இது எனக்கு டாக்டர் சொன்னது, யாரும் தொடக் கூடாது’ன்னா.”

“தொடாம இருக்க வேண்டியதுதானே?”

அவர் தலையைச் சொறிந்தார். கீரை என்றாலே அவருக்கு வேப்பங்காய். தட்டில் விழுந்தால் ஓரம் கட்டிவிடுவார். தயிர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். டீயும் பிஸ்கட்டுமாகவே காலத்தை ஓட்டுகிற ஆள். ஆனால் பூட்டு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. தொழில் அப்படி.

“முதல் நாள் பூட்டை மட்டும்தான் டாக்டர் திறந்தேன். சத்தியமா! திறந்த பிறகு சும்மா மூடறதான்னு ஒரு வாய் எடுத்தேன். அப்படி ஒரு ருசி! அதே கீரைதான், தட்டுல வெச்சா தொண்டையில இறங்காது.”

“அப்புறம்?”

“காலி டப்பாவப் பாத்துட்டு, ‘எலி வந்திருக்கும்போல’ன்னா. நானும், ‘ஆமா, பெரிய எலியாத்தான் இருக்கும்’னு சொல்லிட்டேன். மறுநாள் என் கடைக்கே வந்து, இருக்கறதுலேயே பெரிய பூட்டா எடுத்துட்டுப் போனா.”

“அதையும் திறந்துட்டீங்க.”

“அது ரெண்டு நிமிஷ வேலை. அடுத்து நம்பர் பூட்டு போட்டா. அதுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்துச்சு.” அவர் முகத்தில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது. சட்டென்று அதை அடக்கிக்கொண்டார். “டப்பாவும் பெருசாகிட்டே போச்சு டாக்டர். நானும் விடல.”

டாக்டரம்மா இழுப்பறையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எலி எங்கயாவது நம்பர் பூட்டைத் திறக்குமா? அவங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

“அவ வெகுளி டாக்டர். இன்னிக்கு வரைக்கும் எலின்னே நம்பிட்டிருக்கா.” அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பிள்ளை சுமக்கறவ வாயில போக வேண்டியதெல்லாம் நானே தின்னு தீத்துட்டேன். அதுங்க ரெண்டுக்கும் ஏதாவது ஒண்ணுன்னா, இந்தக் கைய வெட்டிப் போட்டாலும் எனக்கு ஆறாது.”

“அழாதீங்க. அவங்க ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்ல. இரும்புச்சத்து, வைட்டமின் எல்லாம் நல்லா இருக்கு.”

“அது எப்படி?” அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “சாப்பாடு பூராவும் இங்கல்ல இருக்கு!”

கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனின் கலங்கிய கண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

“என்னோடது கிடக்கட்டும் டாக்டர், நான்தான் மத்தியானமே வயிறார சாப்பிட்டுடறேனே. எங்க வீட்டு எலிக்கு ரத்தத்துல குறைஞ்சிருந்ததெல்லாம் ஏறிடுச்சா, இல்ல இன்னொரு பூட்டு வாங்கணுமா?”