காய்ச்சல் பார்க்கும் கதவு

போன தீபாவளியன்று நித்திலாவுக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்ததும் வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஒரு வாரம் குடும்பமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. இந்த முறை பண்டிகைக்கு மதுரையில் இருக்கும் சித்தி வைதேகியின் குடியிருப்புக்கு வந்தார்கள். அங்கிருந்த கதவு நித்திலாவின் நெற்றியைப் பார்த்துப் பச்சை விளக்கைக் காட்டியது. எல்லோரும் சிரித்தபடி உள்ளே போனார்கள்.

சித்தியின் கைக்குழந்தையை நித்திலா மடியில் வாங்கி முத்தம் கொடுத்தாள். அவள் கழுத்தைத் தொட்ட அம்மா சாருமதிக்குக் கை சுட்டது.

"என்னடி, இப்படிக் கொதிக்குது! கதவு எப்படி உன்னை உள்ள விட்டுச்சு?"

"லிஃப்ட்ல ஐஸ் பாட்டிலை நெத்தியில வச்சுக்கிட்டேம்மா. இந்த வருசமும் என்னால தீபாவளி நின்னுடக் கூடாதுல்ல?"

சாருமதி தங்கையிடம் மறைக்கவில்லை. கேட்டதுமே வைதேகி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் கதவின் காதிலும் அது விழுந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வர முடியாது. கைக்குழந்தைக்குத் தடை இல்லை. குழந்தை மட்டும் வரலாம்" என்று சொன்ன கதவு, ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து நின்றது.

வெளியே எதிர்வீட்டுப் பெண் பலகாரத் தட்டோடு நின்றிருந்தாள்.

"அக்கா, இவளை மட்டும் வாங்கிக்கோங்க. பொறந்து பத்து நாள்தான் ஆகுது" என்று வைதேகி இடுக்கு வழியாகக் குழந்தையை நீட்டினாள்.

அந்தப் பெண் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய், தன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

வைதேகி நீட்டிய கைகளை உள்ளே இழுக்கவில்லை.