மேசைமேல் ஒரு மறியல்

எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு மறுநாள் தியாகதுருகம் சாலையில் மறியல். போலீஸ் இன்ஸ்பெக்டர் மேசைமேல் ஒத்திகை பார்த்தார். வேர்க்கடலைகள் மறியல்காரர்கள், கூழாங்கற்கள் போலீஸ்.

“கடலைங்க உன் பொறுப்பு, தாமோதரன். அவுனுங்க இன்னா செய்வானுங்கன்னு நீயே யோசிச்சி நகத்து.”

கான்ஸ்டபிள் தாமோதரன் நகர்த்தினார். கைதானவர்களை இன்ஸ்பெக்டர் உரித்துத் தின்றார். மீதிப் பேர் கலையவில்லை.

“சரி, சுடச் சொல்லிட்டேன். இப்போ?”

தாமோதரன் கடலைகளைத் தொடவில்லை. ஒரு கல்லை எடுத்து வரிசைக்கு வெளியே வைத்தார்.

“கல்லு என்னுதுய்யா. நான் சொன்னா அது சுடும்.”

“இது சுடாதுங்க ஐயா. இது நான். எதிர்ல என் தம்பி குந்திக்கினு இருக்கான்.”

மற்ற கற்கள் யாரென்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. சுற்றி நின்ற போலீஸ்காரர்களின் முகங்களைப் பார்த்தார். கையிலிருந்த கடலையை உரிக்காமல் மேசையில் வைத்தார்.

“நாளைக்குத் துப்பாக்கிங்க இங்கியே இருக்கட்டும்.”