பித்தளை மிதவை

வெந்நீர்க் கோப்பைக்குள் அந்தப் பித்தளை மிதவையை விரலால் அழுத்திப் பிடித்தேன்.

ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. ஈயம் பற்றவைத்த விளிம்பிலிருந்து, கடுகு அளவில், அவசரமில்லாமல்.

ஆனந்தராசா பெற்றோல் திருடவில்லை.

எப்படியென்று சொல்கிறேன். மோட்டார் சைக்கிளின் காபரேற்றரோடு ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் முதலில் அதற்குள்தான் இறங்கும். கிண்ணத்துக்குள் இந்த மிதவை கிடக்கும். சுற்றிவர அடைத்த, உள்ளே காற்று மட்டும் உள்ள குட்டி டப்பா. பெற்றோல் ஏற ஏற மிதவையும் ஏறும். அதோடு சேர்ந்த ஊசி போய் வழியை அடைக்கும். இஞ்சின் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கும், வழி திறக்கும். யாரும் காவல் நிற்கத் தேவையில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம்.

மிதவையில் ஊசிமுனையளவு துளை விழுந்தால் கதை மாறிவிடும். பெற்றோல் அதற்குள் புகும். பாரமான மிதவை எழும்பாது. வழி அடைபடாது. கிண்ணம் நிரம்பி, இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக வழியும்.

படைக் கடிதம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் எந்த நேரமும் புறப்படத் தயாராக நிற்க வேண்டும் என்பது வெள்ளைக்காரரின் கட்டளை. அதனால் தாங்கியின் குழாயை நாங்கள் பூட்டுவதில்லை. கொட்டிலின் நிலம் மணல். மணல் குடித்தது போக மிச்சத்தைக் கச்சான் காற்று கொண்டுபோய்விடும். பெற்றோல் மணக்காத மூலை எங்கள் பட்டறையில் இல்லாதபடியால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாலையில் அளந்த பெற்றோல் காலையில் குறைந்திருந்தது. கொட்டிலின் பூட்டுத் திறப்பு என்னோடு வேலை செய்யும் ஆனந்தராசாவிடம். யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை அவனைப் பிடித்து அடைத்தார்கள். இன்று பின்னேரம் விசாரணை.

அவன் மனைவி நல்லம்மா காலையிலிருந்து கம்பிப் படலைக்கு வெளியே நின்றாள். பாலையூற்றிலிருந்து நடந்து வந்தவள். கையில் சோற்றுப் பொட்டலம்.

"அண்ணை, உந்த மெசினுகளின்ர சங்கதி உங்களுக்குத்தான் தெரியும். ஒரு சொல்லுச் சொன்னா அவரை விட்டிடுவாங்கள்."

பின்னேரம் அவனோடு சேர்ந்தே சாப்பிடலாம், பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஆனந்தராசா என்னை எப்போதும் பகிடி பண்ணுவான். இரத்தினசிங்கத்திடம் பீடிக்கு நெருப்புக் கேட்டால், நெருப்பு ஏன் பற்றுகிறதென்று அவர் விளங்கப்படுத்தி முடிய, பீடி குடிக்கிற ஆசையே போய்விடும் என்பான். இன்று அந்த விளக்கம்தான் அவனை வெளியே கொண்டுவரப் போகிறது.

மிதவையை எடுத்துத் துடைத்தேன். ஈயத்துக்குப் பக்கத்தில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தேன். புதிதாகப் பற்றவைக்குமுன் பித்தளையைச் சுரண்டிக்கொள்வது வழக்கம்.

பிறகு வெள்ளைக்காரச் சார்ஜன்ட்டைக் கூப்பிட்டேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். மிதவையைத் திரும்ப வெந்நீரில் அமிழ்த்திக் குமிழிகளைக் காட்டினேன். அவர் குனிந்து, சின்னப் பிள்ளைபோல் பார்த்தார். இத்தனை சின்னத் துளை போதுமா என்று கேட்டார். தாராளமாகப் போதும் என்றேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சைக்கிள் பாதி வழியில் நின்றிருக்கும், சீனன்குடா விமானத் தளத்துக்குக் கடிதமே போயிருக்காது என்றும் சொன்னேன். கேட்காததையும் சொல்வது என் பழக்கம்.

அவர் விசாரணைக் கோவையைத் திறந்தார். 'களவு' என்ற சொல்லுக்கு மேல் பேனையை வைத்தார்.

வைத்தபடியே, இந்த மிதவையைப் பற்றவைத்தது யார் என்று கேட்டார்.

பட்டறையில் முதல் பிழைக்கு ஏச்சு. இரண்டாவதற்கு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவதற்குப் பாஸைப் பறித்து வெளியே விட்டுவிடுவார்கள். ஆனந்தராசாவின் பெயரில் அதுவரை ஒரு பிழையும் இல்லை. ஓர் ஏச்சோடு வீட்டுக்குப் போய்விடுவான்.

ஆனந்தராசா என்றேன்.

சார்ஜன்ட் மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்றவைத்தவன் பக்கத்தில் ஆணியால் தன் குறியைக் கீற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆனந்தராசாவின் குறி ஒரு மீன். அவர் மீனைத் தேடினார்.

பளபளவென்று சுரண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது.

மிதவையைக் கீழே வைத்தார். பிறகு நான் சொன்னவற்றையே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஊசிமுனைத் துளை. வழியில் நின்றுபோகும் சைக்கிள். போய்ச் சேராத கடிதம். நேர்மையாக வேலை செய்தவன் தன் குறியை ஏன் சுரண்டி மறைக்க வேண்டும் என்று கேட்டார். எல்லாம் எப்படி நடக்கிறதென்று தெரிந்தவன் நீதானே, சொல் என்றார்.

அன்றைக்கு நான் விளங்கப்படுத்தாத ஒரே விசயம் அது.

'களவு' என்பதை அவர் வெட்டினார். அதற்கு மேல் இன்னொரு சொல்லை எழுதினார். நீளமான சொல். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

நாசவேலை.

களவுக்கு மறியற்சாலை. இதற்குக் கயிறு.

படலைக்கு வெளியே நல்லம்மா, அவர் பேனை வெட்டியதைக் கண்டிருக்க வேண்டும். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

என் நகங்களுக்குள் பித்தளைத் தூள் மினுங்கியது. போன மாதம் நான் என் குறியாக ஆணியால் கீறிய சூலம் அதற்குள்தான் கிடந்தது.

அது என் மூன்றாவது பிழை.