தவநாயகியின் மொழிபெயர்ப்பு

“இந்த மனுசன் பாடுறதைக் கேட்டால் வைச்ச பால் திரைஞ்சு போகும். நிப்பாட்டச் சொல்லு.”

ஹன்னா ஜெர்மன் மொழியில் சொல்லி முடித்தார். ஐபேட் திரையில் கட்டம் கட்டமாக இருபத்திரண்டு முகங்கள் தவநாயகியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தன.

“உங்கட பாட்டு நெஞ்சைத் தொட்டிட்டுதாம்,” என்று ஆங்கிலத்தில் கூசாமல் சொன்னாள் தவநாயகி. பாடிய மிஸ்டர் லெவின் மார்பில் கைவைத்துத் தலை குனிந்தார்.

லொக்டவுன் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரத்தில் இதே கூத்துத்தான். லண்டன் ஃபின்ச்லியில் யூத ஜெப ஆலயத்தைப் பூட்டியாயிற்று. சபைக்காரர் அவரவர் வீட்டில் மெழுகுதிரி ஏற்றி, சூமில் ஒன்றுகூடிச் செபித்தார்கள். முடிவில் சபையின் மூத்தவரான ஹன்னா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஹன்னாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. போன வருடம் வந்த ஸ்ட்ரோக் அவருடைய ஆங்கிலப் பேச்சைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது சிறுவயது ஜெர்மன்தான். பத்து வயதில் நாஜிகளுக்குத் தப்பிக் கப்பலேறி லண்டன் வந்த நாளிலிருந்து அவர் வாயில் எடுக்காத மொழி அது. மகள் ரூத்துக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெர்மனியில், டோட்முண்டில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த தவநாயகியை ரூத் தேடிப்பிடித்து, அம்மாவோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வைத்தது அதனால்தான்.

அன்றிரவு லண்டனிலேயே எட்மண்டனில் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்து கணவர் கார்த்திகேசு போன் எடுத்தார்.

“செபம் நடக்கிற இடத்திலை பொய் சொல்லுறீர். பிடிபட்டால் வேலை போயிடும்.”

“இஞ்சேருங்கோ, போன கிழமை அவ என்ன சொன்னவ தெரியுமே? ‘செபம் நீண்டுபோச்சு, ஆண்டவருக்கே நித்திரை வந்திருக்கும்’ எண்டு. அதை எப்பிடி நான் அவையளுக்குச் சொல்லுறது? சொன்னால் இனி அவவைப் பேசக் கூப்பிட மாட்டினம். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் கிழமை முழுக்க அந்த மனிசி உயிரோடை இருக்குது.”

வீறாப்பாகப் பேசினாளே தவிர, தவநாயகிக்கும் பிடிபடுகிற பயம் இருந்தது. ஆனால் ஹன்னா வெள்ளிக்கிழமை காலையிலேயே நீலச் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைப்பதைப் பார்த்தால், எந்தப் பொய்யும் சொல்லலாம் போலிருக்கும்.

அடுத்த வெள்ளி. செபம் முடிந்தது.

“ஹன்னா, இண்டைக்கு எங்களுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?” என்று மிஸ்டர் லெவின் கேட்டார்.

ஹன்னா தவநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரையை நேராகப் பார்த்து ஜெர்மனில் தொடங்கினார்.

“எனக்கு இங்கிலீஷ் விளங்காது எண்டு இந்தப் பிள்ளைக்கு நினைப்பு. எனக்குப் பேச்சுத்தான் போனது, காது போகேல்லை. நான் சொன்னதிலை ஒரு சொல்லைக்கூட இவள் இண்டைவரைக்கும் உங்களுக்குச் சொல்லேல்லை.”

 மேல் வரிசையில் ரூத் ஆவலோடு காத்திருந்தாள். அம்மா எல்லாருக்கும் நன்றி சொல்கிறார் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று தவநாயகி வாயைத் திறந்தாள்.

அதற்குள் திரையில் சிரிப்பு வெடித்தது. நரைத்த தலைகள் ஒவ்வொன்றாகக் குலுங்கின. ஒன்றும் விளங்காமல் விழித்தது ரூத்தும் இளையவர்களும்தான்.

மிஸ்டர் லெவின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்பது வருடம் பேசாமல் வைத்திருந்த சுத்தமான ஜெர்மனில் சொன்னார்: “அது முதல் கிழமையே தெரியும், ஹன்னா. நீ வந்த கப்பலிலைதானே நாங்களும் வந்தனாங்கள். இனிமேலும் பிள்ளையைச் சொல்ல விடு. உன்னைவிட அவள் நல்லாச் சொல்லுறாள்.”