வலிக்காத நாள்

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் இன்னாசி வீடு திரும்பும்போது, அவன் மனைவி மதலேன் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து வைத்திருப்பாள். ஒத்தடத்துக்கு அவன் காட்டும் இடத்தை வைத்தே அன்றைய வேலையைத் தெரிந்துகொள்வாள். தோளைக் காட்டினால் மண் இறுகிக் கிடந்திருக்கிறது, கடப்பாரை போட்டிருக்கிறான். இடுப்பைக் காட்டினால் ஆளுயரக் குழி.

இன்று அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“எங்க வலிக்குது?”

“எங்கயும் இல்ல.”

“வேல இல்லியா?”

“மூணு குழி வெட்டுனேன்.”

“மூணு வெட்டியுமா வலிக்கல?”

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் குழியின் நீளத்தைக் காட்டினான். பிறகு, அதுவும் அதிகம் என்பதுபோல், கைகளைச் சற்று நெருக்கினான்.

சுடச்சுட எடுத்த மூட்டை அவள் உள்ளங்கையிலேயே ஆறிப்போனது.